காலையில் அடம்பிடிக்கும் டீசல் வண்டி

அதிகாலையில் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்படும் பிக்கப் வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, ஒருவர் ஓட்டி விற்றதை மற்றொருவர் வாங்கிய பழைய டீசல் வண்டிகள். இவற்றில் ஒரு தொல்லை அடிக்கடி தலைகாட்டும். முதல் நாள் மாலைவரை நன்றாக ஓடிய வண்டி, காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். சில விநாடிகளில் நின்றுவிடும். அதன்பின் எவ்வளவு முயன்றாலும் எஞ்சின் சுழலுமே தவிர, பற்றிக்கொள்ளாது. மெக்கானிக் வருவார். "ஏர் பிடித்திருக்கிறது" என்பார். ஒரு திருகைத் தளர்த்தி, காற்றை வெளியேற்றுவார். வண்டி கிளம்பிவிடும். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை!

வண்டிக்காரருக்கு இது சிறிய தொல்லை அன்று. சந்தை கலைந்தபின் போய்ச் சேரும் தக்காளிக்கு என்ன விலை கிடைக்கும்? எனவே அவர் பாட்டரியை மாற்றுவார். ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பழுது பார்ப்பார். இன்ஜெக்டரையும் மாற்றிப் பார்ப்பார். பணம் கரையும், தொல்லை தீராது. காற்றை வெளியேற்றுவது வேறு, அது நுழையும் வழியை அடைப்பது வேறு. அந்த வழியைக் கண்டுபிடிக்க உதவும் அறிவு உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் வகுத்த முறை வேறானது. 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக இயங்கிக் காட்டியது.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? காற்றை விரைவாக அழுத்தினால் அது சூடேறும். டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸுக்கும் மேலே போகிறது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ள இந்த வெப்பமே போதும்.

ஆனால் டீசலைச் சரியான கணத்தில், புகைபோன்ற நுண்ணிய தூறலாக உள்ளே செலுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் செல்வது ஓரிரு துளிகள்தாம். அந்தத் துளிகளை இன்ஜெக்டரின் நுண்துளை வழியே பீய்ச்ச, பழைய வகை எஞ்சின்களில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 120 முதல் 250 மடங்குவரை அழுத்தம் தேவை. இதை உண்டாக்குவது இன்ஜெக்ஷன் பம்ப்.

குமிழ் செய்யும் குறும்பு

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். ஊசி இல்லாத புதிய பிளாஸ்டிக் சிரிஞ்சில் நீர் நிரப்பி, முனையை விரலால் இறுக மூடி, தண்டை அழுத்துங்கள். அது அசையாது. நீரை நீக்கிவிட்டுக் காற்றை நிரப்பி அழுத்துங்கள். தண்டு எளிதாக உள்ளே போகும். விட்டால் திரும்பி வரும்.

இன்ஜெக்ஷன் பம்பிலும் இதுவே நடக்கிறது. திரவத்தை அழுத்தினால் அது சுருங்குவது மிகக் குறைவு. ஆகவே அழுத்தம் உடனே ஏறுகிறது. காற்று புகுந்துவிட்டாலோ, பம்பின் உழைப்பெல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். பாயில் விதியை நினைவுகூருங்கள். வெப்பநிலை மாறாதபோது, காற்றின் பருமன் பத்தில் ஒரு பங்கானால் அழுத்தம் பத்து மடங்குதான் ஆகும். இன்ஜெக்டர் திறக்க 200 மடங்கு வேண்டுமே! அது திறக்காது, டீசல் சிலிண்டருக்குள் போகாது.

சொட்டாத ஓட்டை

இனிதான் முக்கியமான கேள்வி. காற்று எங்கிருந்து வந்தது? குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்ட வேண்டாமா? வண்டிக்கு அடியில் ஒரு துளிகூட இல்லையே!

டீசல் டாங்க் தாழ்வாக இருக்கிறது. எஞ்சினோடு இணைந்த ஃபீட் பம்ப் அதைவிட உயரத்தில் இருக்கிறது. இப்பம்ப் டாங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக இன்ஜெக்ஷன் பம்புக்குத் தள்ளுகிறது. தள்ளும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அதிகம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் கசியும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது. மாறாகக் காற்று உள்ளே போகும். ஆகவே, டீசல் சொட்டாமல் காற்று மட்டும் புகுந்தால், உறிஞ்சும் பக்கத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காலையில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை? இளநீர் குடிக்கும் உறிஞ்சுகுழலின் மேல்முனையை விரலால் மூடித் தூக்கினால் நீர் உள்ளேயே நிற்கும். விரலை எடுத்தால் இறங்கிவிடும். குழாயில் நிற்கும் டீசலும் அப்படித்தான். வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், நசுங்கிய செம்பு வாஷர், இவற்றில் ஏதேனும் ஒன்றன் வழியாக இரவெல்லாம் காற்று சிறிது சிறிதாகப் புகும். டீசல் டாங்க்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்பில் எஞ்சிய டீசலைக் கொண்டு எஞ்சின் சில விநாடிகள் ஓடும். அடுத்து வருவது காற்று!

ஓட்டையைப் பிடிப்பது எப்படி?

முதலில், காற்றுதான் காரணமா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் பாட்டரியையும் அதன் இணைப்புகளையும் கவனிக்கலாம். வேகமாகச் சுழன்றும் புகைக்குழாயில் புகையே வராவிட்டால், டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை எனலாம். வெண்புகை வந்தால், டீசல் போகிறது, ஆனால் சரியாக எரியவில்லை. போதிய வெப்பம் இல்லாதது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

அடுத்து, ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்த் துண்டை மெக்கானிக் பொருத்துவார். அதில் குமிழ்கள் ஓடினால், ஓட்டை அங்கிருந்து டாங்க்வரை உள்ள பகுதியில்தான். துண்டை டாங்க் அருகே மாற்றிப் பொருத்தும்போது குமிழ் தெரியாவிட்டால், ஓட்டை இவ்விரு இடங்களுக்கும் நடுவே இருக்கிறது.

இன்னும் அழகான வழி ஒன்று உண்டு. குழாயை டாங்க்கிலிருந்து கழற்றி, எஞ்சினைவிட உயரத்தில் வைத்த டீசல் டப்பாவுடன் இணைப்பது. இப்போது குழாயினுள் அழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகமாகிவிடும். இதுவரை காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்த ஓட்டை, தானே டீசலைச் சொட்டித் தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்! சில ரூபாய் வாஷரோ ஒரு முழம் குழாயோ மாற்றினால் போதும்.

ஓர் எச்சரிக்கை: இவை பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியவை, நீங்கள் அருகில் நின்று கவனியுங்கள். இன்ஜெக்டரிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகக்கூடியது. காமன் ரெயில் முறையில் அழுத்தம் 1,000 மடங்கையும் தாண்டும். அதன் குழாய்களை எஞ்சின் ஓடும்போது தளர்த்தவே கூடாது.

மீண்டும் மீண்டும் வரும் பழுது, காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது என்பதற்கு அடையாளம். உங்கள் தெருவில் ஒரு வண்டி காலையில் அடம்பிடித்தால், வண்டிக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: புகை வருகிறதா? எங்கேனும் டீசல் சொட்டுகிறதா? பழுதைத் தேடும் வேலை அந்த இரண்டு கேள்விகளில் தொடங்குகிறது.