இருபதாவதாக வந்தவனுக்குப் பதினெட்டு அடி

தாமதமாக வரும் பிள்ளைகளுக்காக எங்கள் பள்ளியில் மணியடித்ததும் கேட்டைப் பூட்டுவோம். இதைவிட நூதனமான ஏற்பாடு ஒன்று அந்தக் காலத்தில் இருந்திருக்கிறது. 1823-இல் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் தம் அறிக்கையில் அதை எழுதிவைத்திருக்கிறார். காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடம். முதலில் வருபவன் உள்ளங்கையில் 'சரஸ்வதி' என்று எழுதுவார்கள். அடுத்தவனுக்குச் சுழி, அவனுக்குப் பாராட்டும் கிடையாது, ஏச்சும் கிடையாது. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்படியே ஏறும். கணக்கு டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? இருபது பிள்ளைகள் என்றால் கடைசிப் பையனுக்கு 18, மொத்தம் 171 அடி. வாத்தியாருக்கே கை ஓய்ந்திருக்கும்!

மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் கேம்ப்பெல் மெச்சுகிறார். நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளியில் அது சட்டாம்பிள்ளையின் வேலை. கேம்ப்பெல் எழுதுவதற்கு முன்பே, சென்னை எழும்பூரில் அநாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையைப் பற்றி 1797-இல் லண்டனில் புத்தகமும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது.

ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். 1822-இல் சென்னை கவர்னர் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்கள் 4,540 பேர்தான். நான் அப்போது பிறந்திருந்தால் அடுப்படியில்தான் இருந்திருப்பேன்.

ஆனால் அந்தத் திண்ணைப் பள்ளியின் வாய்பாடான எண்சுவடியை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'வெறும் மனப்பாடம்' என்று பலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் மாகாணி, பதினாறில் ஒன்று. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்து, இரண்டு வரி அடித்துத் திருத்தி அந்த விடைக்கு வருவார்கள். திண்ணையில் அதை ராகம் போட்டுச் சொல்லியே பழகினார்கள். நெல் அளக்கும் களத்திலும் கடைவீதியிலும் அந்தப் பின்னங்கள் புழங்கின. ரூபாய்க்குப் பதினாறு அணா, ஆகவே மாகாணி ரூபாய் ஓர் அணா. வாய்பாடு சொன்ன பையன் மறுநாளே கடையில் சில்லறை எண்ணலாம்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றானது. படியும் மரக்காலும் லிட்டருக்கு வழிவிட்டன. அதற்குப் பிறகும் பிள்ளைகளை மாகாணி ஒப்பிக்கச் சொன்ன வாத்தியார்கள் இருந்திருந்தால், அதை நான் தண்டனைக் கணக்கில்தான் சேர்ப்பேன்.