தாத்தாவின் பிரெஞ்சுத் துப்பாக்கி

இரும்புலியூரில் வசிக்கும் என் முன்னாள் மாணவருக்குப் பூர்வீகம் புதுச்சேரி. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய அவருடைய தாத்தா, உரிமத்துடன் வைத்திருந்த 1892 மாதிரிச் சுழல் கைத்துப்பாக்கியை விட்டுச் சென்றிருக்கிறார். 8 மி.மீ. விட்டம், ஆறு குண்டுகள். 'பழம்பொருள்தானே ஐயா, அலமாரியில் வைக்கலாமா?' என்று கேட்டார்.

கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு பழம்பொருளுக்கு விலக்களிப்பது உண்மையே. ஆனால், பழுது நீக்கினாலும் சுட இயலாததாக அது இருக்க வேண்டும். எண்ணெய் பூசிப் பேணிய குடும்பத்துக்கே சிக்கல்! உரிமதாரர் மறைந்தால், வாரிசு தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டுத் தம் பெயரில் உரிமம் கோரலாம்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் உச்சவரம்பை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரைச் சொத்துக்கும் இதுவே வரம்பு. அரும்பொருள் சேகரிப்பாளரையும் தற்காப்புக்கு வாங்குபவரையும் ஒரே தராசில் நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. ஆயினும், மாணவரை அன்றே காவல் நிலையத்துக்கு அனுப்பினேன்.