முகவரி ஏடு அத்தாட்சிப் பத்திரமான கதை

இன்று ஒரு நடுத்தர ஜவுளிக்கடையின் டொமைன் பேனலைத் திறந்தால்கூடப் டிஎன்எஸ் என்ற இணைய முகவரி ஏட்டின் ரெக்கார்டுகள் பத்துப் பதினைந்து வரிசையாக நிற்கின்றன. வெப்சைட் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்வது அவற்றில் ஒன்றோ இரண்டோதான். மெயில் எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதற்கு இன்னும் ஒன்றிரண்டு. மிச்சமெல்லாம் பெரும்பாலும் டிஎக்ஸ்டி என்ற எழுத்து ரெக்கார்டுகள்: இந்தப் பெயர் என்னுடையதுதான், என் பெயரில் மெயில் அனுப்ப இன்னாருக்குத்தான் அனுமதி, என் கையெழுத்தைச் சரிபார்க்க இதோ சாவி என்று ஒரே அத்தாட்சி மயம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இந்த வேலைக்கு வந்தவர்கள் இதைப் பார்த்தால் மலைத்துப்போவார்கள். அன்றைக்கு டிஎன்எஸ்ஸிடம் யாரும் கேட்டது ஒன்றுதான்: எங்கே?

அது பிறந்ததே அந்தக் கேள்விக்காகத்தான். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ தகவல் மையத்தில் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்று ஒற்றைக் கோப்பு இருந்தது. எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி சேர்த்தவர்கள் மையத்துக்கு மெயில் போடுவார்கள், வாரத்துக்கு ஓரிரு முறை கோப்பு புதுப்பிக்கப்படும், மற்றவர்கள் இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வகுத்தார். அவரவர் பெயருக்கு அவரவரே கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றானது. 1986 ஜனவரியில் கிரேக் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்எஃப்சி 974 என்ற இணைய நெறி ஆவணம், மெயில் போகவேண்டிய இடத்தைச் சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை எப்படிப் படித்து மெயிலைச் சேர்ப்பது என்று விளக்கியது. வெப்சைட் ஒரு கம்பெனியிடமும் மெயில் இன்னொரு கம்பெனியிடமும் இருக்கிற இன்றைய ஏற்பாடு நிற்பது அதன்மேல்தான்.

தொண்ணூறுகளில் டிஎன்எஸ் வேலை என்றால் டொமைனின் ரெக்கார்டுகள் அடங்கிய ஜோன் ஃபைலை எடிட்டரில் திறந்து கையால் எழுதுவது. பைண்ட் என்ற மென்பொருளுக்குக் கருணை கிடையாது. முழுப்பெயரை எழுதினால் கடைசியில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். வைக்காவிட்டால் அது டொமைன் பெயரை இன்னொரு முறை ஒட்டிக்கொள்ளும், மெயில்.கடை.காம் என்பது மெயில்.கடை.காம்.கடை.காம் ஆகிவிடும். அப்படி ஒரு சர்வர் எங்குமே இருக்காது. வரவேண்டிய கடிதங்கள் வராது. மேலே சீரியல் நம்பர் என்று ஒன்று உண்டு. தேதியை எழுதிப் பின்னால் இரண்டு இலக்கம் சேர்ப்பது வழக்கம். எல்லாவற்றையும் சரியாக மாற்றிவிட்டு அந்த எண்ணைக் கூட்ட மறந்தால், இரண்டாவது நேம் சர்வர் புதிதாக ஒன்றுமில்லை என்று பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். பாதிப் பேருக்குப் புது சைட், பாதிப் பேருக்குப் பழைய சைட்.

இப்போது புள்ளியும் வேண்டாம், சீரியலும் வேண்டாம். பெட்டியில் நிரப்பி சேவ் கொடுத்தால் முடிந்தது. ஆனால் அந்தப் பழைய பிழை செத்துவிடவில்லை. ‘ஹோஸ்ட்’ பெட்டியில் மெயில் என்று மட்டும் போடுவதற்குப் பதில் முழுப்பெயரையும் போடுகிறவர்கள் ஏராளம். பல பேனல்கள் சத்தமில்லாமல் டொமைனை இன்னொரு முறை ஒட்டிவிடும். முப்பது வருட முன்னேற்றத்துக்குப் பிறகும் அதே இரட்டை வால்.

ஒரு பதிலை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் டிடிஎல் விஷயத்தில் நிஜமாகவே நிம்மதி. அன்று பலரும் வைத்தது 86400 விநாடி, அதாவது ஒரு முழு நாள். சர்வரை மாற்றினால் அடுத்த நாள் வரை காத்திருக்கவேண்டும். இன்று 300 விநாடி சாதாரணம். இருந்தும் ‘ப்ராப்பகேஷன் ஆக 48 மணிநேரம் ஆகும் சார்’ என்ற பதில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எதுவும் எங்கும் பரவுவதில்லை. ஏற்கெனவே கேட்டு வைத்துக்கொண்டவர்களிடம் பழைய பதில் காலாவதி ஆகவேண்டும், அவ்வளவுதான். மாற்றப்போகும் முந்தின நாளே டிடிஎல்லைக் குறைத்து வைப்பவர்களுக்கு இந்த வசனம் தேவைப்படாது.

பெரிய மாற்றம் மெயிலால் வந்தது. யார் பெயரில் வேண்டுமானாலும் மெயில் அனுப்ப, மெயிலுக்கான நெறியான எஸ்எம்டிபி இடம் கொடுத்தது. மோசடிக்காரர்கள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். அதைத் தடுக்க முகவரி ஏட்டின் ஓரத்தில் அத்தாட்சிகளை எழுதத் தொடங்கினார்கள். 2006-ல், அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் ஆர்எஃப்சியாக வெளிவந்தது, 2007-ல் கையெழுத்துக்கான டிகேஐஎம், 2015-ல் இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம்.

இதில் இன்றைய தலைவலி எஸ்பிஎஃப்தான். ஒரு பெயருக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். பில்லிங் மென்பொருள்காரர் ‘இந்த வரியைச் சேருங்கள்’ என்பார். ஆபீஸ் பையன் அதைத் தனி ரெக்கார்டாகச் சேர்ப்பான். இரண்டு இருப்பதால் இரண்டுமே செல்லாது. ஒன்றாகச் சேர்த்து எழுதினாலும், அந்த வரியைப் படிக்க டிஎன்எஸ்ஸைப் பத்து முறைக்குமேல் கேட்கவைத்தால் அதுவும் செல்லாது. பேனலில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். கடையின் கொட்டேஷன் மட்டும் ஸ்பாமில் கிடக்கும்.

இத்தனை ‘யார்’ கேட்கிற இடத்தில், பெயரின் சொந்தக்காரர் யார் என்பது அன்று எவ்வளவு லேசாக இருந்தது! அன்று பெயர்களைப் பதிந்த இன்டர்நிக்குக்குப் படிவத்தை மெயிலில் அனுப்பினால் டொமைன் கிடைத்தது. 1995 செப்டம்பர் வரை கட்டணமும் இல்லை; அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு 100 டாலர். அதே 1995-ல் ஒரு போலிக் கடிதத்தை நம்பி, அந்தப் பதிவை நடத்திய நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கம்பெனி செக்ஸ்.காம் பெயரை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தது. 2003-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் டொமைனும் சொத்துதான் என்று சொன்னது அந்தப் பெயர் பற்றிய வழக்கில்தான்.

இன்று ஓடிபி இல்லாமல் பேனல் திறப்பதே அபூர்வம். நம் ஊரில் அந்த ஓடிபி பல கடைகளுக்கு முதலாளியின் கைக்கு வராது. எட்டு வருடம் முன்பு சைட் செய்து கொடுத்து, பிறகு கேட்டரிங்கில் இறங்கிவிட்ட டிசைனரின் செல்லுக்குப் போகும். டொமைன் பதிவு விவரம் காட்டும் ஹூயிஸ் பார்த்தாவது பெயர் யாருடையது என்று தெரிந்துகொள்ளலாமா என்றால், அன்று வீட்டு முகவரி, போன் நம்பர் வரை காட்டிய அது, 2018-ல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் வந்தபின் பெரும்பாலும் ‘மறைக்கப்பட்டது’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. கடைசியாகக் கட்டிய ரின்யூவல் ரசீதைத் தேடி எடுத்து, அது கடையின் பெயரில் இருக்கிறதா டிசைனர் பெயரில் இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.