ஃபுட் தி பில்: உதையல்ல, பணம்!

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மண்டி நடத்தும் நமக்கு வடநாட்டுப் பார்ட்டிகளின் கடிதமெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஒருமுறை லாரி வாடகை பற்றி, "வீ வில் ஃபுட் தி பில்" என்று எழுதியிருந்தார்கள். "ஃபுட் என்றால் கால், பில்லை உதைத்துத் தள்ளிவிட்டார்கள் முதலாளி" என்றார் கணக்குப்பிள்ளை. நாமும் நம்பி, லோடை நிறுத்தி இங்கேயே குறைந்த விலைக்கு விற்றோம். வாடகையைத் தாங்களே கட்டுவதாக அவர்கள் எழுதியது பிறகுதான் தெரிந்தது. பார்ட்டியும் போயிற்று!

அதைவிட ஆபத்து, "ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட்". இதோடு பாக்கி முழுவதும் தீர்ந்தது என்று பொருள். அப்படி எழுதிக் குறைந்த தொகைக்குச் செக் வந்தால் உடனே பாங்கில் போட்டுவிடாதீர்கள். குறைந்த தொகையை முழுத் தீர்வாக ஏற்க 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இடம் தருகிறது. ஏற்றதாக ஆகிவிட்டால் மீதியைக் கேட்பது கஷ்டம். செக்கையும் கடிதத்தையும் முதலில் வக்கீலிடம் காட்டுங்கள்.