டிஸ்ப்ளே வரவில்லை: அன்றும் இன்றும்

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், முன்பக்க விளக்கு எரியும், மானிட்டர் மட்டும் கறுப்பாகவே நிற்கும். அசெம்பிள்டு சிஸ்டம் வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் பழக்கமான தொல்லை இது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை ரிட்சி தெருவில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஏறி “டிஸ்ப்ளே வரலை” என்று சொன்னால், கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “பீப் வருதா, வரலையா?”

அந்தக் கேள்விக்குள் ஒரு முழு வைத்தியம் இருந்தது. திரைக்குப் படம் போவதற்கு முன்பே கோளாறு என்றால், அதை வெளியே சொல்ல கம்ப்யூட்டருக்கு இருந்தது ஒரு சின்ன ஸ்பீக்கர் மட்டும்தான். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசி தொடங்கிய பழக்கம் அது. சிஸ்டத்தை எழுப்பும் பயாஸ் மென்பொருள் அவார்டு நிறுவனத்துடையதாக இருந்த போர்டில் ஒரு குட்டை பீப் வந்தால் எல்லாம் நலம். ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் டிஸ்ப்ளே கார்டு. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் ராம். ஏஎம்ஐ பயாஸ் என்றால் கணக்கே வேறு. அதில் எட்டு குட்டை பீப் வந்தால்தான் டிஸ்ப்ளே பக்கம் பார்க்க வேண்டும். பயாஸ் யாருடையது என்று தெரியாமல் பீப்பை எண்ணிப் பயனில்லை. நல்ல மெக்கானிக்குகள் இதை எந்தத் தாளையும் பார்க்காமல் காதாலேயே கண்டுபிடித்தார்கள்.

ராம் என்று தெரிந்ததும் வெளியே வருவது பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான். ஸ்லாட்டின் இரு பக்கக் கிளிப்பையும் விரித்து ராமை எடுத்து, அதன் தொடுமுனைகளை ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, ரப்பர் துகள் போர்டில் விழாதபடி தள்ளி நின்று ஊதிவிட்டு, திரும்ப வைத்து அழுத்தினால் இரண்டு கிளிப்பும் ‘டக்’கென்று தாமாக மூடும். கடற்காற்று வீசும் ஊரில் தொடுமுனை மேல் படியும் மெல்லிய படலம்தான் பாதி நோய்க்குக் காரணம். அடுத்த முறை ஆன் செய்யும்போது அந்த ஒற்றைக் குட்டை பீப் கேட்டால் வீடே நிம்மதியாக மூச்சுவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். மோடம், சவுண்டு கார்டு, சிடி டிரைவ், ஹார்டு டிஸ்க் எல்லாம் வெளியே. போர்டு, ப்ராசஸர், ஒரு ராம், டிஸ்ப்ளே கார்டு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் ஆகியவை மட்டும் மிஞ்சும். அதிலும் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டு ராமை வாங்கிப் போட்டுப் பார்ப்பது. அன்றைய வைத்தியத்தின் உயிர்நாடியே இந்த மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான். தெருவில் ஐந்து வீட்டில் சிஸ்டம் இருந்தால் பெரும்பாலானவற்றில் அதே 168 பின் எஸ்டிராம், அதே ஐடிஇ கேபிள், அதே பிஎஸ்/2 கீபோர்டு. ஒருவர் வீட்டு நல்ல பாகம் அடுத்தவர் வீட்டுக் கெட்ட பாகத்தைக் காட்டிக்கொடுத்தது. இந்த வசதி அன்று யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

ஆபத்தும் இருந்தது. பழைய ஏடி எஸ்எம்பிஎஸ்ஸில் போர்டுக்குப் போகும் இணைப்பு பி8, பி9 என்று இரண்டாக வரும். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு கருகும். முன்பக்க ஸ்விட்ச் வரை வீட்டு மின்சாரமே நேராக வந்து நின்றது. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறைதான் இந்தப் பயத்தைப் போக்கியது. ஒற்றை இணைப்பு, ஒரு பக்கமாக மட்டுமே செருக முடியும். பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறதா என்று தனியாகவே பார்த்துவிடலாம்.

2000-களின் முற்பகுதியில் உலகம் முழுக்கத் தரமற்ற கெப்பாசிட்டர்கள் போர்டுகளில் ஏறின. தலை உப்பி, சில நேரம் பழுப்பாகக் கசிந்து நிற்கும். கோளாறு கண்ணுக்கே தெரிந்தது. சால்டரிங் தெரிந்தவர் அதை மாற்றிப் போர்டைப் பிழைக்க வைத்தார்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறு எப்படி இருக்கும் என்று பலருக்கும் காட்டியது 1999 ஏப்ரல் 26. சிஐஎச் என்ற வைரஸ் அன்று ஹார்டு டிஸ்க்கின் தொடக்கத்தை அழித்ததோடு, பல போர்டுகளில் பயாஸையும் அழித்தது. ஒரு பாகம்கூட எரியவில்லை, உடையவில்லை. ஆனாலும் சிஸ்டம் எழுந்திருக்கவில்லை.

இன்றைய கோளாறுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். நல்ல பாகங்களே ஒன்றோடொன்று ஒத்துவராமல் நிற்கின்றன. புது ப்ராசஸரைப் பழைய பயாஸ் உள்ள போர்டில் போட்டால் டிஸ்ப்ளே வராது. 2018-இல் ஏஎம்டி நிறுவனமே, பயாஸை அப்டேட் செய்துகொள்வதற்காக வாடிக்கையாளர்களுக்கு ஒரு ப்ராசஸரைக் கடனாக அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது பல போர்டுகளில் ப்ராசஸரோ ராமோ இல்லாமலே, ஒரு பென் டிரைவைச் செருகிப் பின்பக்க பட்டனை அழுத்தி பயாஸை ஏற்றிக்கொள்ளலாம். இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். பீப்புக்குப் பதிலாகப் பல போர்டுகளில் நான்கு குட்டி விளக்குகள் உண்டு: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எந்த விளக்கில் நிற்கிறதோ அங்கே தேடினால் போதும்.

ஆனால் டிராம் விளக்கு எரிந்தாலே ராம் போய்விட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். டிடிஆர்5 ராமை முதல் முறை போடும்போது, ப்ராசஸருக்கும் ராமுக்கும் இடையிலான சிக்னல் நேரங்களை போர்டு சோதித்துச் சரிசெய்துகொள்ளும். மெமரி டிரெயினிங் என்பது இதைத்தான். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும், ராம் கூடுதலாக இருந்தால் இன்னும் நேரமாகும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பொறுக்க முடியாமல் பவரை நிறுத்தினால் வேலை முதலிலிருந்து தொடங்கும். பயந்துபோய், பயாஸ் அமைப்புகள் இருக்கும் சிமாஸை அழித்தால் ஏற்கெனவே முடிந்திருந்த டிரெயினிங்கும் போய்விடும். கெட்டதென்று கடைக்குத் திரும்பி வரும் போர்டுகளில் சில இப்படிக் காத்திருக்காததால் வருபவை என்பது என் உறுதியான எண்ணம்.

இதுபோன்ற மற்ற சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் ப்ராசஸர்களில் கிராஃபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளை போர்டில் செருகினால் படம் வராது, கார்டில்தான் செருக வேண்டும். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கை அப்படியே புது போர்டில் மாட்டினால் விண்டோஸ் எழாமல் போகலாம். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், பயாஸை மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம்.

இவ்வளவு வசதி வந்தபிறகும், தனியாக உட்கார்ந்து சிஸ்டம் பூட்டுகிறவருக்கு அன்றைவிட இன்றுதான் கஷ்டம் என்பேன். பக்கத்து வீட்டில் லேப்டாப்பும் போனும்தான் இருக்கின்றன. மாற்றிப் போட ராம் கேட்க ஆளில்லை. யாரிடமாவது கிடைத்தாலும் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின், வெட்டு இருக்கும் இடம் மட்டும் வேறு. ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் நுழையாது. தெரு செய்த வேலையை இன்று அந்த நான்கு விளக்குகள் செய்ய வேண்டியிருக்கிறது. விலை குறைந்த பல போர்டுகளில் அவையும் கிடையாது.

ஆனால் ஸ்பீக்கருக்கான நான்கு பின் இடம் இன்றும் பல போர்டுகளில் இருக்கிறது. கேபினெட்டோடு ஸ்பீக்கர் வருவதுதான் நின்றுவிட்டது. புதிதாக அசெம்பிள் செய்கிறவர்கள் தனியாகச் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சின்ன பஸ்ஸரை வாங்கி மாட்டுங்கள். போர்டின் மேனுவலைத் தூக்கிப் போடாமல் கேபினெட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முதல் முறை ஆன் செய்துவிட்டுப் பத்து நிமிடம் எதையும் தொடாதீர்கள்.