திறவாத சிப்பியின் விலை

இலங்கையின் மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரையோர ஊர்களில் பிரித்தானியர் காலத்தில் நடைபெற்ற முத்துக்குளிப்பு, கடல் வரலாறாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அது, விற்பவரும் வாங்குபவரும் சரக்கின் தரம் அறியாமலே விலை பேசிய விந்தையான சந்தையும் ஆகும்.

அங்கு ஏலம் போனது முத்தன்று, வாய் திறவாத சிப்பி. தோணிகள் கரை சேர்ந்ததும், ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைத்த வெளியில், குளியாட்கள் தம் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பர். அவற்றுள் எது அவர்களுக்குரியது என்பதை அரசு அலுவலர் காட்டுவார், மற்ற இரண்டும் அரசுக்கு. தனக்கு எந்தக் குவியல் வரும் என்று தெரியாதவன் மூன்றையும் ஒப்பாகவே பிரிப்பான் என்பதால், காவலை விட இந்த ஏற்பாடே நேர்மையை உறுதிசெய்தது. அரசின் பங்கு மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டது. எடுத்தவர் சிப்பிகளை அழுகவிட்டு, குடலைப் புரட்டும் நாற்றத்தில் பல நாள் காத்திருந்து, கழுவிப் பார்த்த பின்னரே கிடைத்தது ஆணிமுத்தா, தூளா, வெறும் ஓடா என்பது தெரியும்.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத நிலையைப் பொருளியலார் ‘தகவல் சமமின்மை’ என்பர். பழைய கார்ச் சந்தையைக் கொண்டு 1970இல் இதை விளக்கிய ஜோர்ஜ் அக்கர்லொஃப், ஏமாற்றத்துக்கு அஞ்சி வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைத்தே கேட்பர், அதனால் நல்ல சரக்கு சந்தையை விட்டே விலகும் என்று காட்டினார். மன்னாரில் விற்பவரும் தரம் அறியாதவரே; என்றாலும் வாங்குபவரின் இத்தகைய அச்சத்தை அரசு முன்கூட்டியே தணித்தது: பருவத்துக்கு முன் ‘பார்’ எனப்பட்ட கடலடிச் சிப்பிப் படுகைகளிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துகளை மதிப்பிட்டு, அந்த மதிப்பை வெளியிட்டது. ஆயினும் ஏலம் தொடங்கியபின் புதிய ஏற்றத்தாழ்வு தோன்றியது. முன்னரே ஏலத்தில் எடுத்த சிப்பியைக் கழுவிப் பார்த்தவருக்கு அதன் தரம் தெரியும். பார்க்காதவருக்கோ பார்த்தவர் கேட்கும் விலைதான் சாட்சி. பிறர் கேட்பதைக் கண்டு தாமும் கேட்பதை ‘மந்தைப் போக்கு’ என்பர்.

பெரிய பிழை இந்த ஏலத்தில் நேரவில்லை, குத்தகையில் நேர்ந்தது. 1891க்குப் பின் 1903 வரை முத்துக்குளிப்பே இல்லை. ஒல்லாந்தர் காலத்திலும் 1768 முதல் அவர்கள் ஆட்சி முடியும்வரை பார்கள் பயன் தரவில்லை. ஆனால் 1905இல் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. மறு ஆண்டே இலண்டன் முதலீட்டில் அமைந்த ஒரு கம்பனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. நீண்ட வரலாற்றை விட அண்மை வெற்றிக்கே மனம் கூடுதல் எடை தரும் என்று டானியல் கானமன் போன்ற உளவியலாளர் பின்னர் விளக்கியதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. வறண்ட ஆண்டுகளின் பதிவு அரசிடமிருந்த இரகசியமன்று. எவரும் படிக்கக்கூடியதாகவே இருந்தது. எனவே இங்கே குறைந்தது தகவல் அன்று, அதை எடைபோடும் நிதானம்.

பார்கள் விரைவிலேயே வெறுமையாயின. கம்பனி 1912இல் கலைக்கப்பட்டது. இலங்கையின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1925இல், மீண்டும் அரசின் பொறுப்பிலேயே நடந்தது.