தோள்சீலையும் ஊழியமும்: திருவிதாங்கூர் முடியாட்சியின் ஆணைகளில் உரிமை மறுப்பு

ஆய்வுச் சுருக்கம்

திருவிதாங்கூர் அரசில் 19ஆம் நூற்றாண்டில் நிலவிய உரிமை மறுப்புகளைச் சாதி வழக்கம் என்னும் ஒரே தலைப்பில் அடக்கிவிடும் போக்கு ஆய்வுலகில் உண்டு. அவற்றுள் பெரும்பகுதி அரசாணையாகவே நடைமுறைப்பட்டது என்பதை 1812 முதல் 1859 வரையிலான ஆணைகளின் வழியும், அகிலத்திரட்டு அம்மானை தரும் எதிர்க்குரலின் வழியும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருவிதாங்கூர், தோள்சீலை, ஊழியம், அடிமை முறை, அகிலத்திரட்டு அம்மானை.

இறைவனின் நாடு, அரசனின் ஆணை

மார்த்தாண்ட வர்மர் 1750இல் தம் நாட்டை அனந்தபத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கினார். ‘திருப்படிதானம்’ எனப்படும் இந்நிகழ்வுக்குப் பின் அரசர்கள் ‘பத்மநாபதாசர்’ என்னும் பெயரோடு இறைவனின் பிரதிநிதிகளாக ஆண்டனர். இதன் பொருளைச் சடங்களவில் நிறுத்திவிடலாகாது. நாடு இறைவனுடையது எனில் அரசாணையை மீறுவது அரச குற்றமாக மட்டும் நில்லாது தெய்வ நிந்தையாகவும் மாறிவிடுகிறது. முறையிடுவதற்கு அரசனுக்கு மேல் ஓர் அவை இல்லாமலும் போகிறது. பின்னாளில் நாஞ்சில் நாட்டிலும் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலும் எழுந்த முறையீடுகள் ஆங்கிலேய ரெசிடெண்டையும் சென்னை ஆளுநரையும் நாடிச் சென்றதற்கு இதுவே காரணம் எனலாம்.

இவ்வரசில் நாடார், ஈழவர், பறையர், புலையர் முதலிய மக்கள் மீது விதிக்கப்பட்டிருந்த தடைகள் பலவாகும். குடை பிடித்தல், காலணி அணிதல், பொன்னணி பூணுதல், மாடி வீடு கட்டுதல், இடுப்பில் குடம் சுமத்தல் ஆகியன அவற்றுள் சில. வாழ்வின் இத்துணைச் சிறு அசைவுகளையும் கண்காணித்த ஓர் ஆட்சியை ‘வழக்கத்தைக் காத்த அரசு’ என்று மட்டும் எழுதிச் செல்வது பொருந்துமா என்பது வினாவிற்குரியது.

ஊழியம் என்னும் சொல்

இக்கட்டுரையாளர் வாழும் போளூர் வட்டாரத்தில் ‘ஊழியம்’ என்றால் தேவாலயப் பணி என்றே இன்று பொருள்கொள்வர். திருவிதாங்கூரில் அச்சொல் கூலியின்றி அரசுக்குச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பைக் குறித்தது. சுமை தூக்குதல், பனையோலை கொண்டுசேர்த்தல், உப்பளத்தில் உழைத்தல் எனப் பலவகை ஊழியங்கள் இருந்தன. தம் பனையேற்றுத் தொழிலுக்கு வரி செலுத்தியவர்களே ஊழியத்திற்கும் அழைக்கப்பட்டனர் என்பது கருதத்தக்கது. உழைப்பின் பயனில் ஒரு பங்கை வரியாகக் கொண்ட அரசு, எஞ்சிய உழைப்பையும் கூலியின்றிக் கொண்டது.

அடிமை முறை இதனினும் கொடியது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகள் நாஞ்சில் நாட்டில் மனிதர்கள் நிலத்தைப் போலவே விற்கவும் வாங்கவும் பட்டதைக் காட்டுகின்றன. அரசும் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தது. 1853இல் வெளியான ஆணை அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகளை மட்டுமே விடுவித்தது. முழு ஒழிப்பு 1855இல்தான் வந்தது. இடைப்பட்ட இரண்டாண்டுகளில் தாய் அடிமையாகவும் சேய் குடிமகனாகவும் ஒரே குடிசையில் இருந்திருப்பர். சட்டம் படிப்படியாகச் செல்வதைச் சீர்திருத்தத்தின் நிதானம் எனப் பாராட்டும் வரலாற்றாசிரியர்கள் இந்தக் குடிசையைக் கணக்கில் கொள்வதில்லை.

தோள்சீலை: ஐந்து ஆணைகள்

மேலாடையை நீக்குதல் அன்றைய திருவிதாங்கூரில் பணிவின் குறியாகும். நாயர் பெண்டிரும் தம்மினும் உயர்ந்தோர் எனக் கருதப்பட்டோர் முன்னும் கோயிலிலும் இவ்வழக்கத்திற்கு உட்பட்டிருந்தனர். எனினும் நாடார் உள்ளிட்ட மக்களுக்கு அது எல்லார் முன்னும் எப்போதும் கடைப்பிடிக்க வேண்டிய கட்டளையாக இருந்தது.

1812இல் ரெசிடெண்ட் கர்னல் மன்றோ, கிறித்தவம் தழுவிய பெண்கள் பிற நாட்டுக் கிறித்தவர்களைப் போல மார்பை மறைத்துக்கொள்ளலாம் என ஆணையிட்டார். 1814இல் வந்த ஆணை இதனைச் சுருக்கியது. சிரியன் கிறித்தவர், மாப்பிள்ளைமார் அணிவது போன்ற குப்பாயம் அணியலாம். நாயர் பெண்டிரைப் போலத் தோள்சீலை இடலாகாது என்றது. பெண்கள் குப்பாயத்தின் மேல் தோள்சீலையும் இட்டனர். சந்தைகளிலும் வழிகளிலும் தாக்குதல்கள் நிகழ்ந்தன. ராணி கௌரி பார்வதிபாயின் ஆட்சியில் 1829 பிப்ரவரி 3 அன்று வெளியான ஆணை தோள்சீலைத் தடையை மீண்டும் உறுதிசெய்தது. கிறித்தவரான நாடாரும் பிறரைப் போல ஊழியம் செய்தாக வேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமையும் கோயில் சார்ந்த பணிகளும் மட்டுமே விலக்கு என்றும் அதே ஆணை கூறியது. தோளும் உழைப்பும் ஒரே ஆணையில் இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. ஊழியத்திற்கு உரிய உடலை அடையாளங்காட்டுவது அவ்வுடலின் திறந்த தோளே.

1858 நவம்பரில் விக்டோரியா அரசியின் பேரறிக்கை வெளியாயிற்று. உடைத் தடை நீங்கிற்று என்று மக்கள் கருதினர். ஆனால் டிசம்பர் 27 அன்று திவான் மாதவராவ், அரசின் அனுமதியின்றிப் பழைய வழக்கத்தை மீறுவது கூடாது என அறிவித்தார். அடுத்த மாதத்தில் கலவரம் மூண்டது. பெண்களின் ஆடைகள் பொதுவிடத்தில் கிழிக்கப்பட்டன. வழிபாட்டுக் கூடங்கள் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் ரெசிடெண்ட் ஜெனரல் கல்லனுக்குக் கடுமையாக எழுதிய பின்னரே 1859 ஜூலை 26 ஆணை பிறந்தது. நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம், வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தலாகாது.

இவ்விறுதி ஆணை பொதுவாக வெற்றியாகக் கொண்டாடப்படுகிறது. அதன் கடைசி வாக்கியத்தை நிறுத்திப் படித்தல் வேண்டும். மறைக்கும் செயல் அனுமதிக்கப்பட்டது, ஒத்திருத்தல் மறுக்கப்பட்டது. அரசு வழங்கியது சலுகை. மக்கள் கேட்டது உரிமை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் எழுத்துகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. மார்பை மறைப்பதற்காகவே ‘முலைக்கரம்’ வாங்கப்பட்டது எனப் பரவலாக எழுதப்படுகிறது. ஆணுக்குரிய தலைக்கரத்தைப் போல உழைக்கும் பெண் மீதான தலைவரியின் பெயரே முலைக்கரம் என்னும் விளக்கமே வலுவுடையதாகத் தோன்றுகிறது. சேர்த்தலை நங்கேலியின் கதை வாய்மொழி வழக்காறு; அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் வரிக்கணக்கிற்கு அதனைச் சான்றாக்கினால், ஆணைகளில் எழுத்திலேயே உள்ள கொடுமையையும் மறுப்போர் எளிதில் தள்ளிவிடுவர். 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் இப்போராட்டம் பற்றிய பகுதியைத் தேர்விலிருந்து நீக்கியதும், 2019இல் ஆடை வரலாறு பற்றிய அவ்வியல் முழுவதும் பாடநூலினின்று விலக்கப்பட்டதும் நினைவிற் கொள்ளத்தக்கன.

அம்மானையின் சாட்சியம்

‘மனித உரிமை’ 1948ஆம் ஆண்டின் கருத்தாக்கம். அதனை 19ஆம் நூற்றாண்டின் மேல் ஏற்றலாமா எனச் சிலர் வினவுவர். இவ்வினாவிற்கு விடையாக அகிலத்திரட்டு அம்மானையையே காட்டலாம். அரிகோபாலன் சீடரால் கொல்லம் 1016இல் எழுதப்பெற்றதாகக் கூறப்படும் அந்நூல், திருவிதாங்கூர் மன்னனைக் ‘கலிநீசன்’ என்றே சுட்டுகிறது. பத்மநாபதாசன் என அரசு சூட்டிக்கொண்ட பெயருக்கு மக்கள் தந்த மறுபெயர் இது. இறைவன் நாட்டை விட்டு நீங்கிவிட்டான் என்பது அம்மானையின் வாதம். அரசின் தெய்வத் தகுதியை அதன் மொழியிலேயே மறுத்துவிடும் துணிவு அதில் உள்ளது. வரிகளையும் ஊழியங்களையும் அது நிரல்படுத்திச் சொல்வதால் குற்றப்பட்டியலாகவும் அதனை வாசிக்க இடமுண்டு.

அய்யா வைகுண்டர் சுவாதித் திருநாள் காலத்தில் சிறைப்பட்டார். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அவர் 110 நாள் இருந்ததாகவும், ஒரு சாதியாருடன் மட்டுமே பழகுவதாக எழுதித் தருமாறு கேட்கப்பட்டபோது மறுத்ததாகவும் அம்மானை மரபு கூறுகிறது. அக்கோரிக்கையே அரசின் அச்சத்தை வெளிப்படுத்துகிறது. ஒருவர் தெய்வமென அறிவித்துக்கொண்டதை விடப் பல சாதியார் அவரிடம் கூடியதே அரசைத் தொந்தரவு செய்தது. அய்யாவழியில் ஆண்கள் தலைப்பாகையுடன் வழிபடுவதும், கருவறையில் கண்ணாடி வைக்கப்படுவதும் தடை செய்யப்பட்ட உடலை மீட்டுக்கொள்ளும் செயல்களாக அமைந்தன.

1859 ஆணை நாடார் பெண்களைப் பற்றியது மட்டுமே. புலையர் பெண்கள் அதில் இல்லை. அவர்கள் கழுத்திலிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்து மேலாடை அணிந்தது 1915இல், கொல்லத்தில், அய்யன்காளியின் தலைமையில் கூடிய கூட்டத்தில்தான்.